கேப்டன் திரும்பி வந்த சனிக்கிழமை

ராஜகனிங்கிறது நான்தான்மா. உள்ள வா. அந்தப் பெட்டியக் கழட்டிட்டுப் போகத்தான வந்திருக்க? டிவிக்குப் பின்னால பச்சையா மினுக்குது பாரு, அதுதான். தாராளமா எடுத்துக்க.

என்னது, காரணம் சொல்லணுமா? போன்லயே சொன்னேனே, வேணாம்னு. வேணாங்கிறது ஒரு காரணம் இல்லையாக்கும். நெட்டு மெதுவா வருதா, கூப்பிட்டா ஆள் வரலையா, வேற கம்பெனிக்காரன் வந்து பேசினானான்னு நீ வரிசையாக் கேட்டா நான் எதைன்னு சொல்ல? உங்க நெட்டுல ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் ஓடுச்சு. அதுல ஓடின நாடகம்தான் கண்றாவி.

உக்காரு. வெயில்ல வந்திருக்க. இந்த மோரக் குடி. காரணம்தான வேணும், சொல்றேன். சுருக்கமாச் சொல்லுன்னு மட்டும் சொல்லாத, எனக்கு அது வராது.

இந்த விண்வெளி நாடகமெல்லாம் பாத்திருக்கியா நீ? "நீல வாசல்"னு ஒண்ணு. பாக்கலையா, புண்ணியவதி. இங்கிலீஷ்ல எடுத்துத் தமிழ்ல பேச வச்சிருந்தான். எங்க வீட்ல அவுக பி.டி. மாஸ்டரா இருந்தவுக. சேர்மக்கனி சாருன்னா விருதுநகர்ல பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு அவுககிட்ட அடி வாங்காதவங்க. ரிட்டயர் ஆன பிறகும் வெயில்ல கிரவுண்டு கிரவுண்டா அலையிறாகன்னு, புனேயில இருக்கிற எம்மவன் ராஜபிரபுதான் இந்த நெட்டப் போட்டு, பெரிய டிவியும் வாங்கி மாட்டினான். அப்பா வீட்டோட இருப்பாருன்னு அவன் கணக்கு. அவுக மல்யுத்தம் பாக்கப் போயி எந்தப் பட்டனையோ அமுக்க, இந்த நாடகம் வந்து விழுந்துச்சு. அன்னைக்குப் பிடிச்சது.

அதுல ஒரு கப்பல். தண்ணியில போற கப்பல் இல்ல, ஆகாசத்துல போறது. அதுக்கு ஒரு கேப்டன். நரைச்ச தாடி. எப்பப் பாத்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேதான் பேசுவான். மூஞ்சியப் பாத்துப் பேசினா என்ன குறைஞ்சா போயிருவான்? ஆகாசத்துக்கு நடுவுல நீலமா ஒரு வாசல் தொங்கும். அதுக்குள்ள நுழைஞ்சா வேற உலகம். அந்த உலகத்துல எட்டுக் கால் உள்ளவன் இருக்கான், தலையே இல்லாதவன் இருக்கான், எல்லாவனும் தமிழ் பேசுறான். அதுவும் நீயும் நானும் பேசுற தமிழா? "கடவுளே, இது எப்படி சாத்தியம்." எட்டுக் கால்காரனும் அதான் சொல்றான், கேப்டனும் அதான் சொல்றான். வில்லனுக்கும் கப்பல் டாக்டருக்கும் ஒரே ஆள் குரல் குடுத்திருக்கான். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா டாக்டரே ஆளைக் கொன்னு, டாக்டரே வைத்தியமும் பாக்குற மாதிரி இருக்கும்.

சனிக்கிழமைக்கு ஒண்ணு விடுவான். முக்கா மணி நேரம் ஒண்ணும் நடக்காது. நடப்பாங்க, நிப்பாங்க, பெரிய திரையப் பாப்பாங்க. கடைசி ரெண்டு நிமிஷத்துலதான் அவனுக்கு உயிரு வரும். சிவப்பு லைட்டு எரியும், சங்கு ஊதும், கப்பல் ஆடும். கதவு தானாத் திறக்கும். கேப்டன் திரும்பிப் பாத்து "நீயா?"ம்பான். யாருன்னு காட்ட மாட்டான். அதோட முடிஞ்சிரும்.

அவ்வளவுதான், எங்க வீட்ல அந்த வாரம் பூரா வேற பேச்சு கிடையாது. அவுக ஒரு ஆளுன்னா பரவாயில்ல. கூட ஒருத்தர் உண்டு, ஆசீர்வாதம் சாரு. அதே பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. ரெண்டு தெரு தள்ளி வீடு. சம்சாரம் போய்ச் சேந்து வருஷமாச்சு, மக வெளிநாட்ல. எங்க வீட்ல அவுகள அண்ணாச்சிம்பாரு, என்னைய மதினிம்பாரு. சனிக்கிழமை அஞ்சு மணி ஆனா வேட்டியத் தேச்சுக் கட்டிக்கிட்டு என்னமோ கோயிலுக்குப் போற மாதிரி வந்து அந்த நாற்காலியில உக்காந்துருவாரு. நாடகம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஆரம்பிப்பாங்க. கதவுக்குப் பின்னால நின்னது செத்துப்போன தம்பியா இருக்குமோ, எதிரி அனுப்பின உளவாளியோ. சாரு ஒரு கணக்குப் போடுவாரு, அவுக அதை வெட்டிப் பேசுவாக. அடுத்த வாரம் பாத்தா, கதவுக்குப் பின்னால நின்னது டீ கொண்டு வந்த பய. ஏழு நாளு ரெண்டு படிச்ச மனுசங்க மண்டையப் பிச்சுக்கிட்டது ஒரு டீக்காக.

நான் ஏன் பாத்தேன்னு கேக்குறியா? ஹால்லதான் காத்து வரும். வெங்காயம் உரிக்கிறவ வேற எங்க போய் உக்கார? கண்ணு அது பாட்டுக்குப் பாக்கும். பிடிச்சுப் பாத்தேன்னு நினைச்சுராத.

ரெண்டாவது வருஷக் கடைசியில அந்தக் கேப்டன் செத்தான். ஆளுகளையெல்லாம் தப்பிக்க விட்டுட்டு அவன் மட்டும் நீல வாசலுக்குள்ள விழுந்துட்டான். வாசல் மூடிக்கிருச்சு. கப்பல்ல எல்லாரும் வரிசையா நின்னு அழுதாங்க, அவன் தொப்பிய ஒரு பெட்டியில வச்சு மூடினாங்க. அப்புறம் கடைசி நொடியில, மூடின வாசல்ல ஒரு சின்ன வெளிச்சம் மினுங்குச்சு. அதோட அந்த வருஷத்துக்கு முடிச்சுட்டான். மிச்சம் அடுத்த வருஷமாம்.

அவுக சொன்னாக, வருவான்னு. நான் சொன்னேன், வரமாட்டான்னு. எத்தனை பேரு பாக்க விழுந்தான், தொப்பியப் பெட்டியில வச்சாச்சு, இதுக்கு மேல என்ன வேணும்னேன். "ஏட்டி, அந்த வெளிச்சத்தப் பாத்தியா இல்லையா? ஹீரோவக் கொன்னுட்டு எவன் நாடகம் போடுவான்?"னாக. வெளிச்சமாவது ஒண்ணாவது, டிவிக்காரன் ஆளப் பிடிச்சு வைக்கப் போடுற தூண்டில் அதுன்னேன். சாப்பிடும்போது இந்தச் சண்டை, மாத்திரை எடுத்துக் குடுக்கும்போது இந்தச் சண்டை. ஆசீர்வாதம் சாரக் கேட்டா ரெண்டு பக்கமும் தலைய ஆட்டுவாரு. கடைசில அவுக ஒரு பந்தயம் கட்டினாக. கேப்டன் திரும்பி வந்துட்டா, "நீங்க சொன்னது சரிதான்"னு நான் ஒரே ஒரு தடவை சொல்லணுமாம். கல்யாணமான நாள்ல இருந்து நீ அதைச் சொன்னதே இல்லன்னாக. சொல்ற மாதிரி ஒண்ணாவது பேசியிருந்தா சொல்லியிருப்பேன்ல? சரின்னு வச்சேன். அவன் எங்க வரப்போறான்.

அந்தத் தை மாசம் பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா. ரிட்டயர் ஆனவுகள யாரும் கூப்பிடல. இவுகளாப் போனாக. இப்ப இருக்கிற மாஸ்டருக்கு ஓட்டப் பந்தயக் கோடு நேரா போட வரல, நான் போட்டுக் குடுத்துட்டு வாறேன்னு காலையில சுண்ணாம்புப் பவுடரத் தூக்கிட்டுப் போனாக. ரெண்டு கோடு போட்டு முடிச்சுட்டு, படபடன்னு வருதுன்னு வேப்பமரத்தடியில உக்காந்திருக்காக. உக்காந்தபடியே போயிட்டாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, பிரயோசனமில்ல.

நீ ஒண்ணும் அப்படி மூஞ்சிய வைக்க வேணாம். நல்ல சாவுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இத ஏன் சொன்னேன்னா, அதுக்கப்புறம் கொஞ்ச நாளு வீட்ல டிவியே ஓடல. நாடகத்த விட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதையும் இதையும் சேத்து நீ எழுதிறாத.

அதுக்குப் பிறகு மூணாவது வருஷம் ஆரம்பிச்சுச்சு. எம்மவன் புனேயில இருந்து போன் பண்ணி, அம்மா, சனிக்கிழமை புதுசு வருது, பாருன்னான். நான் போன வச்சுட்டேன். ஆனா சரியா அஞ்சு மணிக்கு ஆசீர்வாதம் சாரு வந்துட்டாரு, தேச்ச வேட்டியோட. வந்த மனுசன வெளிய நிப்பாட்ட முடியுமா? டிவியப் போட்டேன். அவுக நாற்காலி காலியாத்தான் கிடந்துச்சு. அவரும் அதுல உக்காரல, நானும் உக்காரல.

பத்து நிமிஷம் ஆகல. அந்தக் கேப்டன் நடந்து வாறான்மா. கதவு திறந்துச்சு, புகை வந்துச்சு, புகைக்குள்ள இருந்து தாடியோட நடந்து வாறான். சட்டை கூட கசங்கல. எப்படி வந்தன்னு கேட்டா, வாசலுக்கு அந்தப் பக்கம் காலம் வேற மாதிரி ஓடுதாம். இங்க ஒரு வருஷம்னா அங்க ஒரு மூச்சாம். விழுந்தவன் விழுந்தபடியே இந்தப் பக்கம் எந்திரிச்சு வந்துட்டானாம். எம்புட்டு லேசாப் போச்சு பாரு. தொப்பிய வச்சு மூடின பெட்டியத் திறந்து எடுத்து மாட்டிக்கிட்டான். கப்பலே கைதட்டுது. போன வருஷம் அழுதது அத்தனையும் பொய்னு ஒருத்தருக்கும் கோவம் வரல. சிரிக்கிறாங்க.

இதுல எங்கம்மா கதை இருக்கு? செத்தவன் எந்திரிச்சு வருவான்னா எதுக்குச் சிவப்பு லைட்டு, எதுக்குச் சங்கு? எவன் விழுந்தா எனக்கென்ன? அடுத்த வாரம் வரப்போறான். இனி நீ கப்பலையே கொளுத்திக் கடைசி நிமிஷத்துல நிப்பாட்டு, எனக்கு ஒரு பதட்டமும் வராது. அன்னைக்கே எனக்கு விட்டுப்போச்சு.

திரும்பிப் பாக்கேன், ஆசீர்வாதம் சாரு துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. தோளு குலுங்குது. "அண்ணாச்சி சொன்னாகள்ல, மதினி. சொன்னபடியே வந்துட்டான் பாருங்க"ங்கிறாரு.

நான் டிவிய அமத்திட்டேன். பாதியிலதான். இனி சனிக்கிழமை சனிக்கிழமை வர வேணாம் சார்னு சொல்லிட்டேன். ஆம்பள இல்லாத வீடு, எதுத்த வீட்டுக்காரி வாசல்லயே நிக்கிறா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னேன். உள்ளதுதான? அவரு காப்பியக் குடிச்சுட்டு, டம்ளர அடுப்படியில கொண்டு வச்சுட்டுப் போனாரு. பந்தயப் பேச்ச நான் யார்கிட்டயும் எடுக்கல. நல்லவேளையா சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமப் போச்சு.

அதோட முடிஞ்சதுன்னு நினைச்சியா? எங்க முடிஞ்சுச்சு? அடுத்த சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் போன் அடிக்குது. ஆசீர்வாதம் சாரு. யாருக்கும் என்னமும் ஆகிப்போச்சோன்னு பதறி எடுத்தா, "மதினி, நீங்க எப்படியும் பாக்கப் போறதில்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லிருதேன்"ங்கிறாரு. நான் கேட்டேனா? வேணாம் சார்னு சொல்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு. வயசான மனுசன், தனியாக் கிடக்காரு, மூஞ்சியில அடிச்ச மாதிரி வைக்க முடியல. போனை ஸ்பீக்கர்ல போட்டு அருவாமனை பக்கத்துல வச்சுட்டு நான் பாட்டுக்குக் காய் நறுக்கினேன்.

கதை சொல்லத் தெரியாதும்மா அவருக்கு. கரும்பலகையில கணக்குப் போடுற மாதிரி, முதலாவது, இரண்டாவது, ஆகவேன்னு சொல்லுவாரு. ஆளுங்க பேர மாத்திச் சொல்லுவாரு. ஒரு வாரம் மேல போன கப்பலு அடுத்த வாரம் கீழ கிடக்கும். நான்தான் திருத்துவேன், போன வாரம் இப்படியில்ல சொன்னீங்கன்னு. அப்புறம் நல்ல இடமாப் பாத்து நிப்பாட்டி, "மிச்சம் அடுத்த வாரம், மதினி"ம்பாரு. யாருக்கு வேணும் மிச்சம்னு வச்சிருவேன். ஒரு தடவை மட்டும் புதன்கிழமை மார்க்கெட்ல பாத்தப்ப, கதையில தொலைஞ்ச அந்தச் சாவி யார்கிட்ட சார் இருந்துச்சுன்னு கேட்டேன். சும்மா, பேச்சுக் குடுக்கணுமேன்னு கேட்டது. சனிக்கிழமை சொல்லுதேன்னுட்டு முருங்கைக்காய வாங்கிட்டுப் போயிட்டாரு, திமிரப் பாரு.

ஒண்ணு சொல்லணும். நான் பாக்குறத விட்ட பிறகு அந்த நாடகம் கொஞ்சம் தேறிருச்சு. திரும்பி வந்த கேப்டனுக்கு அந்தக் கப்பல்ல இருப்புக் கொள்ளலையாம். எல்லாரும் அவனில்லாம இருக்கப் பழகிட்டாங்கள்ல. அவன் சாப்பிட உக்காந்தா மத்தவங்களுக்குக் கூச்சமா இருக்காம், அவனுக்கும் ருசி தெரியலையாம். ஒருநாள் எல்லாரையும் உக்கார வச்சு, நான் வந்தது தப்பு, என் இடம் அந்தப் பக்கம்தான்னு சொல்லிட்டு, யாரும் தள்ளாம அவனாவே வாசலுக்குள்ள போயிட்டானாம். திரும்பியும் பாக்கலையாம். வாசல் மூடினதும் வெளிச்சம் கிளிச்சம் ஒண்ணும் மினுங்கலையாம். அதக் கேட்டப்ப, பரவாயில்லையே, இவனுக்கும் லேசாப் புத்தி வந்திருக்கேன்னு நினைச்சேன். அன்னைக்குக் காய் நறுக்க ஓடல. வேற ஒண்ணுமில்ல, அருவாமனை மொண்ணையாக் கிடந்துச்சு.

அதுக்கு அப்புறம் கப்பல்ல இருக்கிறவங்க தாங்களாவே ஓட்டிக் கத்துக்கிறாங்க. தப்புத் தப்பா ஓட்டுறாங்க, எங்கயோ முட்டுறாங்க, சண்டை போடுறாங்க. வாரம் ஒரு கதையா நல்லாத்தான் போச்சு.

போன வாரம் ராஜபிரபு போன் பண்ணினான். பேச்சுவாக்குல, பரவாயில்லடா உங்க நாடகம், அந்தக் கேப்டன மறுபடி அனுப்பிட்டு ஆளுங்களே கப்பல ஓட்டுறது நல்லாருக்குன்னேன். எந்த நாடகம்மான்னான். நீல வாசல்தான்னேன். அவன் சிரிக்கிறான். "அம்மா, அத நாலு வாரத்தோட நிப்பாட்டிட்டாங்களே. பாக்க ஆளில்லன்னு கம்பெனிக்காரனே பாதியில விட்டுட்டான். கேப்டன எங்க அனுப்பினாங்க? அவன் கையில துப்பாக்கியோட நிக்கிறதோட முடிஞ்சு போச்சு"ங்கிறான்.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் ஒவ்வொண்ணா உறைக்குது. ஆசீர்வாதம் சாரு வீட்ல நெட்டே கிடையாதும்மா. இருந்தா அவரு எதுக்கு இங்க வந்து உக்காந்தாரு? அவர்கிட்ட இருக்கிறது பட்டன் போனு. அவரு எங்க போய்ப் பாத்திருப்பாரு? எங்க வீட்ல அன்னைக்குப் பாத்த அந்தப் பாதிக்கு மேல, மூணாவது வருஷத்துல அந்த மனுசன் ஒண்ணுமே பாக்கல. முதலாவது, இரண்டாவது, ஆகவேன்னு எனக்குச் சொன்னது பூராம் அவரே கட்டினது.

நினைச்சுப் பாரு. வாழ்நாள் பூராம் கணக்குச் சொல்லிக் குடுத்த மனுசன். சர்ச்சுல அவர் சாட்சி சொன்னா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. அவருக்கு எம்புட்டுப் பொய் வருது. நானும் அதக் கேட்டுக்கிட்டு, போன வாரம் இப்படியில்ல சொன்னீங்கன்னு திருத்திக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னைக்கே உங்க ஆபீசுக்குப் போனப் போட்டேன், வந்து கழட்டிட்டுப் போங்கன்னு. மவன் வேணாம்மா, இருந்துட்டுப் போகட்டும்னான். எதுக்கு? அதுல ஓடாத நாடகத்துக்கு ஒரு பெட்டி, அதுக்கு ஒரு பச்சை லைட்டு.

அந்தச் சனிக்கிழமையும் அஞ்சு மணிக்குப் போன் வந்துச்சு. நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னுதான் எடுத்தேன். சளி பிடிச்சிருக்கும் போல, குரலே சரியில்ல. கேக்குறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு. சரி, இன்னைக்கு என்னத்த அளக்காருன்னு பாப்போம்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நாளா அவரு கதைக்குள்ள புதுசா ஒரு பொம்பளையக் கொண்டு வந்திருக்காரு. கப்பல்ல சமையக்கட்டுல இருக்கிறவளாம். எனக்கு அவளச் சுத்தமாப் பிடிக்கல. எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லுவா. எவன் எது சொன்னாலும் இல்லைம்பா. கப்பல் கவுந்தாலும் உப்பு பத்தலைன்னு சண்டைக்கு நிப்பா. இப்படி ஒரு பொம்பள எங்கயாவது இருப்பாளா? கேட்டா, இருக்காங்க மதினிங்கிறாரு. அவள வச்சுத்தான் இப்ப கதையே ஓடுது. கப்பல்ல எல்லாரும் அவகிட்டதான் போய் நிக்கிறாங்க.

அன்னைக்குச் சொல்றாரு, அவ எதையோ தேடி நீல வாசல் பக்கம் போனாளாம். உள்ள இருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சாம். ஒரு கால உள்ள வச்சுட்டாளாம். வாசல் மூடப் போகுதாம். சொல்லிட்டு இருமுறாரு, இருமுறாரு, அப்படி இருமுறாரு. மிச்சம் அடுத்த வாரம், மதினின்னாரு.

கேக்கணும்னு வச்சிருந்த நாலு வார்த்தையும் எங்க போச்சுன்னு தெரியல. "சார், அந்தப் பொம்பளைய உள்ள அனுப்பிறாதீங்க"ன்னு சொல்லிட்டேன்.

அவரு தொண்டையச் செருமினாரு.  அப்புறம் மெதுவா, "அது என் கையில இல்லையே, மதினி"ன்னாரு.

"பாத்துச் செய்ங்க"ன்னேன். "மொதல்ல அந்த இருமலுக்கு டாக்டரப் பாருங்க. சனிக்கிழமை போன்ல சொல்ல வேணாம். நேர்ல வந்து சொல்லுங்க. எதுத்த வீட்டுக்காரி பாத்தா பாத்துட்டுப் போறா."